காட்டு வழியும் கண்ணோட்டமும்

இயற்கையைப் பற்றி எழுதுவது எளிது என்றோர் எண்ணம் எம்மிடையே வேரூன்றியிருக்கிறது. பரீட்சை மண்டபத்திலே வேறெதுவும் எழுத வராத மாணவன் 'ஒரு காட்டு உலா' என்னும் தலைப்பைத் தேர்ந்துகொள்கிறான். வார இதழுக்கு விடயம் கிடையாது தவிக்கும் எழுத்தாளனும் அதனையே நாடுகிறான். குயில் கூவுகிறது, தென்றல் வீசுகிறது, உள்ளம் அமைதி கொள்கிறது, ஈற்றிலே, மனிதன் இயற்கையை அழிக்கிறான், நாம் அதனைப் பேணுவோம் என்ற அறிவுரையோடு கட்டுரை முற்றுப்பெறுகிறது. இவ்வகைக் கட்டுரையால் நன்மை பெரிதாக இல்லாவிடினும் தீங்கு இல்லை என்றே நாமும் நெடுநாள் எண்ணியிருந்தோம். அவ்வெண்ணம் பிழை என்பதை எமக்கு உணர்த்தியது அறிஞர் எவரது நூலுமன்று. பத்தாம் தரத்து மாணவன் ஒருவனது பயிற்சிக் கொப்பியே.

நாம் ஆசிரியத் தொழில் புரிவது அக்குறணையில். கண்டியிலிருந்து மாத்தளைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் ஏறக்குறைய 10 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஊர் இது. வீதியின் இருமருங்கும் கடைகள்; கடைகளின் பின்னே பிங்கா ஓயா; அதற்கப்பால் குன்றுச் சரிவுகளில் வீடுகளும் வாசனைத் திரவியத் தோட்டங்களும். 2025ஆம் ஆண்டின் முற்பகுதியில் எமது வகுப்பு மாணவர்களைக் கண்டி நகரை அடுத்துள்ள உடவத்தகெலே வனத்துக்கு அழைத்துச் சென்றோம். மறுவாரம் அவ்வுலாவைப் பற்றி ஒரு கட்டுரை எழுதப் பணித்தோம். வந்த கட்டுரைகள் யாவும் ஒரே அச்சில் வார்த்தவை போன்றிருந்தன. அதிலே வியப்பில்லை, அந்த அச்சைச் செய்து கொடுத்தவர்கள் நாமே. ஒரேயொரு கட்டுரை மட்டும் வேறுபட்டிருந்தது.

அம்மாணவன் காட்டைப் பற்றி ஐந்தாறு வரிகளே எழுதியிருந்தான். எஞ்சிய பக்கம் முழுவதும் தன் வீட்டுப் பின்புறத்தைப் பற்றியது. அங்கே இரண்டு பலா மரங்களும் ஒரு கராம்பு மரமும் நின்றனவாம். தாத்தாவின் கலியாணத்துக்காகப் பெரிய பலாவை விற்றார்களாம். (மூத்த சகோதரியை எம்மூர் முஸ்லிம் பிள்ளைகள் 'தாத்தா' என்றே அழைப்பர்.) மரம் போன இடத்தில் மணமக்களுக்கென ஓர் அறை எழுந்ததாம். அதன்பின் மழை பெய்யும்போதெல்லாம் மேட்டுமண் கரைந்து அடுப்படிக்குள் வருகிறதாம். 'காட்டுக்குள் பெரிய மரங்களைக் கண்டபோது எங்களுடைய மரமும் இவ்வளவு உயரந்தானோ என்று அண்ணாந்து பார்த்தேன்' என்று அவன் முடித்திருந்தான். நாம் அக்கட்டுரையின் கீழே சிவப்பு மையினால் 'தலைப்புக்குப் புறம்பானது' என்று எழுதி, வகுப்பிலேயே ஆகக் குறைந்த புள்ளியை வழங்கினோம். கொப்பியைப் பெற்றுக்கொண்டபோது அவன் கேட்டது ஒன்றே: 'சேர், காட்டைப் பற்றித்தானே எழுதச் சொன்னீங்க? எங்கட காடு அதுதானே?'

அவ்வினாவுக்கு அன்று எம்மிடம் விடை இருக்கவில்லை. இக்கட்டுரை அவ்விடையைத் தேடும் முயற்சி. இயற்கை உலாக் கட்டுரை என்னும் இலக்கிய வடிவம் எதனைக் காண்கிறது, எதனைக் காணாது விடுகிறது என்பதை ஈண்டு ஆராய்வோம்.

முதலில் நாம் நடந்த பாதையையே நோக்குவோம். ஏறக்குறைய 104 ஹெக்டேயர் பரப்புள்ள உடவத்தகெலே, கண்டி அரண்மனையின் பின்னே மேட்டில் அமைந்தது; பெயரின் பொருளும் மேல் தோட்டத்துக் காடு என்பதே. மன்னராட்சிக் காலத்தில் இது அரசருக்கு உரிய காடாகவும் பொதுமக்கள் நுழையத் தடைசெய்யப்பட்டதாகவும் இருந்தது. 1815இல் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் வசமானபின் காட்டினுள்ளே உலாப்பாதைகள் வகுக்கப்பட்டன. 1856இல் ஒதுக்கக் காடாகவும், 1938இல் சரணாலயமாகவும் அது பிரகடனஞ் செய்யப்பட்டது. உலாப்பாதைகளின் பெயர்களோ தேசாதிபதிகளின் மனைவியர் பெயர்கள்: சீமாட்டி ஹோட்டன், சீமாட்டி டொரிங்டன், சீமாட்டி கோர்டன் என்று அவை நீள்கின்றன.

இவர்களுள் சீமாட்டி ஹோட்டன் இலக்கிய மாணவர் அறிந்திருக்க வேண்டியவர். 1831 முதல் 1837 வரை இலங்கைத் தேசாதிபதியாக இருந்த ரொபர்ட் வில்மட் ஹோட்டனின் மனைவி அவர். வில்மட், கவிஞர் பைரனின் ஒன்றுவிட்ட சகோதரர். இளமையில் ஒரு விருந்திலே இவ்வம்மையாரைக் கண்ட பைரன், 1814இல், அவரது அழகையே பொருளாகக் கொண்டு ஒரு சிறு கவிதை எழுதினார். ஆங்கிலம் கற்ற எவரும் அறிந்த கவிதை அது. அழகில் நடப்பவளாகக் கவிதையில் இடம்பெற்ற பெண்ணின் பெயரிலேயே கண்டிக் காட்டில் ஒரு நடைபாதையும் அமைந்தது. இத்தகைய பொருத்தம் வரலாற்றிலே அருமையாகவே வாய்க்கும்.

ஆயின், அதே காலப்பகுதியில் இம்மலைநாட்டை நோக்கி நடந்தவர்கள் வேறும் பலர் இருந்தனர். 1820களில் தொடங்கிய கோப்பிச் செய்கை 1840களில் பெருகியது. தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து பஞ்சத்தாலும் கடனாலும் விரட்டப்பட்ட தமிழ்த் தொழிலாளர் கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, வறண்ட காடுகளினூடே நாட்கணக்கில் கால்நடையாக நடந்து, மாத்தளை வழியாகக் கண்டிச் சீமையை அடைந்தனர். பசியும் கொலராவும் காட்டுக் காய்ச்சலும் வழிநெடுக அவர்களைத் தின்றன. அவர்களும் காட்டிலேதான் நடந்தார்கள். குயில் அவர்களுக்கும் கூவியிருக்கும். அவர்களது நடையைப் பாட அக்காலத்துப் புகழ்பெற்ற கவிஞர் எவரும் வரவில்லை. அவர்கள் பெயரில் ஒரு பாதையும் இல்லை.

உடவத்தகெலேயின் அடிவாரத்தில், தலதா மாளிகைக்கு அண்மையில், 1817இல் தொடங்கப்பட்ட ஆங்கிலேயப் படையினர் மயானம் இருக்கிறது. காய்ச்சலால் மாண்ட இளைஞர்கள், சிறு குழந்தைகள், காட்டு யானையால் கொல்லப்பட்ட ஒருவர் என ஒவ்வொருவரது கதையும் கல்லிலே பொறிக்கப்பட்டுள்ளது. அவர்களது மரணமும் துயரமே. அதனை நாம் எள்ளவில்லை. மாத்தளைப் பாதையோரம் வீழ்ந்தவர்களுக்குக் கல் இல்லை என்பதை மட்டுமே சொல்ல விரும்புகிறோம். எமது ஊரிலிருந்து மாத்தளைக்குப் பேருந்தில் செல்லும் ஒவ்வொரு முறையும் அவர்கள் வந்த திசைக்கு எதிர்த்திசையில் நாம் செல்கிறோம். எம் மாணவர்களுக்கு இதனை நாம் ஒருநாளும் சொன்னதில்லை. சீமாட்டி ஹோட்டன் பாதையின் நிழல் குளிர்மையானது என்று மட்டும் எழுதப் பழக்கினோம்.

உலாக் கட்டுரையின் முதற் குறை இதுவே. பாதைக்கு வரலாறு உண்டு என்பதை அது மறந்துவிடுகிறது. காடு என்றும் இருந்ததுபோலவும், தான் மட்டுமே அதில் நடக்க வந்ததுபோலவும் உலாவுபவன் எண்ணுகிறான். உண்மையில் உடவத்தகெலேயின் மரங்களிற் பல வந்தேறிகள். பெரு நாட்டின் பெயரைச் சுமக்கும் தென்னமெரிக்கப் பிசின் மரமும் மகோகனியும் அங்கே அந்நிய நாட்டிலிருந்து கொணரப்பட்டவை. நாம் வீட்டு விறாந்தையில் சாடியில் வளர்க்கும் மணி பிளாண்ட் கொடி அக்காட்டின் தரையை மூடி இளங்கன்றுகளை நெரிக்கிறது. கண்டியின் மறுபுறத்திலுள்ள துனுமடலாவ வனமோ ஒருகாலத்தில் தோட்டமாக இருந்து, நகரின் நீரேந்து பகுதியாக விடப்பட்டபின் மீண்டும் காடானது. கன்னிக் காடு என்று வியந்து எழுதுபவன் பலவேளைகளில் ஒரு பழைய தோட்டத்தின் எல்லையிலேயே நின்றுகொண்டிருக்கிறான்.

இரண்டாவது குறை இலக்கணம் பற்றியது. தமிழாசிரியர் என்ற முறையில் அதனை விளக்குதல் எம் கடமை. 'மனிதன் காட்டை அழித்தான்' என்ற வாக்கியத்தின் எழுவாய் யாது? 'மனிதன்' என்று மாணவன் விடை சொல்வான். நாமும் சரி என்போம். இலக்கணத்துக்கு அது போதும், வரலாற்றுக்குப் போதாது. எந்த மனிதன்? ஒருமையிலே நிற்கும் அச்சொல், ஒரு சிலரது செயலை எல்லார் தலையிலும் ஏற்றிவிடுகிறது.

மலைநாட்டுக் காட்டின் கதையில் உண்மையான எழுவாய்களைத் தேடுவோம். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடுகளும் தரிசுகளும் பயிரிடப்படாத நிலங்களும், மறுதலையாக நிரூபிக்கப்படும்வரை முடிக்குரியன என்று கொள்ளப்படும் என விதித்தது. தலைமுறை தலைமுறையாகச் சேனைப் பயிர் செய்தும் விறகு பொறுக்கியும் மாடு மேய்த்தும் வந்த கிராமத்தவனிடம் காட்டக்கூடிய உறுதி ஏது? அவ்வாறு முடியின் கைக்குச் சென்ற நிலம் சொற்ப விலைக்குத் தோட்டத்துரைகளுக்கு விற்கப்பட்டது. அதிகாரிகளும் நிலம் வாங்கினர். மரம் தறித்த கோடரி தொழிலாளியின் கையிலே இருந்தது மெய். கோடரியை எங்கே ஓங்குவது என்று தீர்மானித்தவன் அவனல்லன். 1869இல் கோப்பி இலைநோய் தோன்றி அடுத்த இருபது ஆண்டுகளுள் அச்செய்கையைச் சாய்த்தபோது, துரைமார் தேயிலைக்கு மாறினர். 1867இலேயே ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் அதற்கு வழிகாட்டியிருந்தார். சரிந்த மண் திரும்பி மலையேறவில்லை. 1873இல் இலண்டன் கியூ தாவரவியல் தோட்டத்தின் தலைவர் யோசப் ஹூக்கர் எச்சரித்தபின்பே 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளை வெட்டுவது தடுக்கப்பட்டது. இன்று சிவனொளிபாத மலையிலும் ஹோட்டன் சமவெளியிலும் நாம் காணும் காடு எஞ்சியமைக்கு அத்தடை ஒரு காரணம். ஆகவே அழித்தவனும் பெயருடையவன், தடுத்தவனும் பெயருடையவன். 'மனிதன்' என்ற சொல் இருவரையும் மறைத்துவிடுகிறது.

1876இல் ஏங்கெல்ஸ், மனிதக் குரங்கு மனிதனாக மாறியதில் உழைப்பின் பங்கு பற்றி எழுதிய கட்டுரையில், இயற்கைமீது நாம் அடையும் வெற்றிகளைக் குறித்து அளவுக்கு மிஞ்சிப் பெருமைப்படலாகாது என்றும், அவ்வெற்றி ஒவ்வொன்றுக்கும் இயற்கை பழிவாங்குகிறது என்றும் எச்சரித்தார். அவர் காட்டிய உதாரணங்களுள் ஒன்று எம்மை உலுக்குவது. கியூபாவின் மலைச்சரிவுகளில் ஸ்பானியத் தோட்டக்காரர் காட்டை எரித்தனர். சாம்பல் ஒரு தலைமுறைக் கோப்பிக்கு உரமாயிற்று. பின்னர் பெய்த பெருமழை காப்பற்ற மேல்மண்ணைக் கழுவிச் சென்று வெறும் பாறையை விட்டது. இலாபம் பெற்றவர்களுக்கு அதைப்பற்றி என்ன கவலை என்று அவர் கேட்டார். கியூபா என்ற பெயரை நீக்கிக் கண்டி என்று இட்டாலும் அக்கூற்று பொருந்தும்.

இங்கே எமது அணியைப் பற்றியும் ஒரு வார்த்தை கூறவேண்டும். பிறரைக் குறைகூறுமுன் தன்னைத் தானே விசாரித்தல் விமரிசகனது கடன். முற்போக்கு விமரிசகர் பலர் இயற்கை வருணனையைக் கண்டதுமே, அது வாழ்க்கையிலிருந்து தப்பியோடும் இலக்கியம் என்று ஒதுக்கினர். தொழிற்சாலைப் புகைபோக்கியிலே எதிர்காலத்தைக் கண்டோம். அணைக்கட்டுக்கு வாழ்த்துப் பாடினோம். காடு எமக்குப் பயன்படுத்தப்படாத மூலப்பொருளாகவே தோன்றியது. ஏங்கெல்சின் மேற்கூறிய பக்கங்களை நாம் படித்திருந்தும் படியாதவர் போலிருந்தோம். மரத்தைப் பற்றிப் பேசுவது வர்க்கத்தை மறப்பதாகும் என்று கருதிய நாம், மரம் விழுந்தபின் மண் யார் வீட்டின்மேல் விழுகிறது என்று கேட்க மறந்தோம். அக்கேள்விதான் வர்க்கக் கேள்வி.

மூன்றாவதாகத் தமிழ் மரபை நோக்குவோம். இயற்கையை மனிதனிடமிருந்து பிரித்துக் காண்பது எமது பழைய இலக்கியக் கொள்கையன்று. தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றது. கருப்பொருளை எண்ணும்போது மரத்தையும் விலங்கையும் பறவையையும் சொன்ன அதே நிரலில் உணவையும் தொழிலையும் பறையையும் சேர்த்துச் சொன்னது. குறிஞ்சி என்றால் மலை மட்டுமன்று. தினைப்புனமும் அதைக் காப்பவளும் தேன் எடுப்பவனும் சேர்ந்ததே குறிஞ்சி. திணைக்கோட்பாட்டைப் பண்டைத் தமிழ்ச் சமுதாயத்தின் பொருளாதார வளர்ச்சியோடு இணைத்துப் பேராசிரியர் சிவத்தம்பி 1974இல் ஆராய்ந்தது தமிழ் ஆய்வுலகம் அறிந்ததே. இன்றைய உலாக் கட்டுரையோ கருப்பொருளில் பாதியைக் களைந்துவிட்டது. மரம் உண்டு, புள் உண்டு. உணவும் தொழிலும் இல்லை.

அதுமட்டுமன்று. காட்டிலே நடப்பதைப் பற்றியே எம்மிடம் ஓர் இலக்கிய வகை உண்டு; அதுவே ஆற்றுப்படை. பெருங்கௌசிகனார் பாடிய மலைபடுகடாம் ஒரு நீண்ட மலைவழி நடையின் கதை. நடப்பவர் யாவர்? பசித்த கூத்தர். சுற்றத்தோடும் இசைக்கருவிகளோடும் வள்ளலைத் தேடிச் செல்பவர். அவருக்கு வழி சொல்பவன், எங்கே பொறி வைத்திருக்கிறார்கள், தினைப்புனக் காவலரின் கவண்கல் எத்திசையில் வரும், எந்த ஊரிலே உணவு கிடைக்கும் என்றெல்லாம் எடுத்துரைக்கிறான். அதிலே மலையின் அழகும் ஓசையும் குறைவின்றி இருக்கின்றன. அழகுக்கு நடுவே பசியும் இருக்கிறது. பசி இருப்பதால் அழகு குன்றவில்லை, கூர்மை பெறுகிறது. வழி அறிந்தவன் வழி அறியாதவனுக்கு உதவும் அறமே அவ்வகையின் உயிர். சங்க காலத்தைப் பொற்காலமாக்கி வணங்க நாம் இதனைக் கூறவில்லை. காட்டைக் கெடுத்து நாடாக்கியதை மன்னனின் பெருமையாகப் பட்டினப்பாலையே பாடியிருக்கிறது. மரபிலே இரு குரல்களும் உண்டு. எக்குரலை நாம் தொடர்கிறோம் என்பதே வினா.

மலையகத் தமிழ் இலக்கியம் இவ்வினாவுக்கு ஓரளவு விடை தந்தது. கோகிலம் சுப்பையா 1964இல் வெளியிட்ட நாவலுக்கு 'தூரத்துப் பச்சை' என்று பெயரிட்டார். தூரத்துப் பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி என்ற பழமொழியை நாம் அறிவோம். தொலைவில் நின்று பார்ப்பவனுக்குத் தேயிலை மலை பச்சைக் கம்பளம். அருகிற் சென்றால் அட்டையும் குளிரும் லயக் காம்பறாவும். என்.எஸ்.எம். இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' என்ற தலைப்பே இயற்கையை நிறுத்துப் பார்க்கிறது. கொழுந்து காட்சிப்பொருளன்று, தராசில் ஏறும் உழைப்பு. சி.வி. வேலுப்பிள்ளையும் தெளிவத்தை ஜோசப்பும் மலையை எழுதியபோது மலையில் வாழ்பவரையே எழுதினர். உலாக் கட்டுரை எழுதும் மாணவர்க்கு இவர்களைப் படிக்கக் கொடாமல், பயிற்சிப் புத்தகத்துத் தென்றலையும் குயிலையும் மட்டும் கொடுத்தது எமது தவறு.

அப்படியானால் காட்டிலே உலாவி மகிழ்வது குற்றமா என்று கேட்கலாம். அன்று. உழைப்பவனுக்கும் ஓய்வு வேண்டும். ஓய்விலே அழகு வேண்டும். அவ்வழகு யாருக்கு உரியது என்பதிலேதான் சண்டை. ஆங்கில நாட்டின் இயற்கைக் கவிஞர் வேர்ட்ஸ்வேத், 1844இல், தமது ஏரி நாட்டுக்குள் புகையிரதப் பாதை வருவதை எதிர்த்துப் பத்திரிகைக்குக் கடிதங்கள் எழுதினார். நிலத்தின் அமைதி குலையும் என்ற அவரது அச்சம் நியாயமானது. தொழிலாளரை வண்டி வண்டியாகக் கொண்டுவந்து இறக்குவதால் அவர்களுக்கு நன்மை விளையாது. இயற்கையைச் சுவைக்கும் பக்குவம் படிப்படியாகவே வரும் என்று அவர் வாதிட்டதுதான் நெருடுகிறது. அதற்கு விடை 1932 ஏப்ரல் 24ஆந் திகதி கிடைத்தது. மன்செஸ்டர்ப் பகுதித் தொழிலாள இளைஞர் சில நூற்றுவர், வேட்டைக்கென வேலியிடப்பட்டிருந்த கிண்டர் ஸ்கௌட் மேட்டுநிலத்துள் கூட்டமாக நுழைந்து நடந்தனர். முன்னின்றவர் பென்னி ரொத்மன் என்ற இளங் கம்யூனிஸ்டு. ஐவர் சிறை சென்றனர். தேசியப் பூங்காக்களையும் நாட்டுப்புறத்தில் நடக்கும் உரிமையையும் பற்றிய சட்டம் 1949இல் அங்கே நிறைவேறியது. உலாவும் உரிமைகூடப் போராடிப் பெற்றதே.

பேணுதல் என்ற சொல்லையும் இவ்வாறே உரைத்துப் பார்த்தல் தகும். காட்டைப் பேணுவதென்பது அங்கே வாழ்பவரை வெளியேற்றுவது என்று பொருள்பட்டால், அது அரசரது தடைசெய்யப்பட்ட காட்டின் மறுபிறப்பேயாகும். 1983இல் மாதுரு ஓயா தேசியப் பூங்காவாகப் பிரகடனப்படுத்தப்பட்டபோது, தம்பானைப் பகுதி வேடர் தம் முன்னோர் வேட்டையாடிய நிலத்திலே அத்துமீறுவோர் ஆயினர். மறுபுறம், 1974இல் இமயமலைச் சாரலில் ரேணிக் கிராமத்துப் பெண்கள், கௌரா தேவியின் தலைமையில், குத்தகைக்காரரின் கோடரிக்கு முன்னே மரங்களைக் காத்து நின்றனர். அவர்கள் இயற்கைக் கட்டுரை எழுதியவரல்லர். விறகும் நீரும் அக்காட்டிலிருந்து பெற்றவர். காட்டோடு வாழ்க்கை பிணைந்தவனே அதன் முதற் காவலன். அப்பிணைப்பை அறுத்தபின் காவலுக்கு வேலியைத் தவிர வேறொன்றும் எஞ்சாது.

இனி எம்மூருக்குத் திரும்புவோம். கண்டிச் சீமையின் வீட்டுத்தோட்டம் தன்னளவில் ஒரு சிறு காடு. மேலே தென்னையும் கித்துளும் பாக்கு மரமும். இடையிலே பலா, ஈரப்பலா, கராம்பு, சாதிக்காய். மரத்தைப் பற்றி ஏறும் மிளகுக்கொடி. நிழலிலே கோப்பியும் இஞ்சியும். அடுக்கடுக்கான இலைகள் மழையின் வேகத்தைத் தாங்குகின்றன. வேர்கள் சரிவைப் பிடித்து நிறுத்துகின்றன. மண் நீரை உறிஞ்சி மெல்ல மெல்ல ஓடைக்கு விடுகிறது. தவள மாடுகளில் உப்பும் பாக்கும் ஏற்றி மலைவழிகளில் நடந்த முஸ்லிம் வணிகரின் சந்ததியார் இத்தோட்டங்களைப் பேணி வளர்த்தனர். அயற் கிராமங்களின் சிங்களக் குடியானவரும் அவ்வாறே செய்தனர். இதற்கு அரச பிரகடனம் எதுவும் இல்லை. சரணாலயம் என்ற பெயரும் இல்லை. பலா மரத்தைத் தறிப்பதற்கு அனுமதி வேண்டுமென 1951ஆம் ஆண்டுச் சட்டம் விதிக்கிறது. அதன் நோக்கம் நன்று. ஆயின் சீதனமும் வீட்டு நெருக்கடியும் அனுமதிப்பத்திரத்தோடேயே வருகின்றன.

நிலம் பங்குபிரிந்து சுருங்குகிறது. குடும்பம் பெருகுகிறது. மரம் நின்ற இடத்தில் அறை எழுகிறது; ஓடை விரிந்த இடத்தில் கடை எழுகிறது. மேலே உறிஞ்ச இடமில்லாத நீர் கீழே ஒதுங்க இடமின்றி, பிங்கா ஓயா கரைகடந்து அக்குறணை நகரினுள் புகுகிறது. இது எமக்குப் பழகிப்போன காட்சி. கடைக்காரர் பொருள்களை மேல்தட்டுக்கு ஏற்றுகிறார். நீர் வடிந்ததும் சேற்றைக் கழுவுகிறார். அடுத்த மழைக்குக் காத்திருக்கிறார். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தையில் மலை சரிந்து தோட்டத் தொழிலாளரின் லயங்களை மூடியது. அங்கே ஆபத்து உண்டென்று முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. போவதற்குத்தான் வேறிடம் இருக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி கொண்டுவந்த மழை மலைநாடெங்கும் மண்சரிவையும் வெள்ளத்தையும் விளைவித்தது. கண்டி மாவட்டம் பேரிழப்பைக் கண்டது. மழை எல்லார்மீதும் பெய்தது. மண்ணோ சரிவிலே குடியிருந்தவர்மீதுதான் விழுந்தது.

அம்மழையின் பின்னர் பாடசாலை மீண்டும் திறந்தபோது, அம்மாணவன் வருவானா என்று வகுப்பு வாசலையே பார்த்திருந்தோம். வந்தான். வீடு தப்பியிருந்தது, மணமக்களின் அறையில் ஒரு சுவர் இல்லை. அவனது பழைய கொப்பியைக் கேட்டு வாங்கினோம். வெள்ளத்துக்கு முன்னே எழுதப்பட்ட அக்கட்டுரையை மறுபடி படித்தோம். பாதையின் வரலாறு அதில் இல்லை, சட்டத்தின் ஆண்டு இல்லை, ஏங்கெல்ஸ் இல்லை. ஆயினும் நாம் இதுவரை கூறியவற்றின் சாரம் முழுவதும் அதில் இருந்தது. மரம் இருந்தது; அது யாருடையது என்பது இருந்தது; ஏன் விழுந்தது, விழுந்தபின் என்ன நேர்ந்தது என்பன இருந்தன. அழித்தவனை அவன் 'மனிதன்' என்று எழுதவில்லை. 'நாங்கள் விற்றோம்' என்று எழுதியிருந்தான். எழுவாயைச் சரியாக எழுதியவன் அவ்வகுப்பில் அவன் ஒருவனே. ஆசிரியரும் அதில் அடங்குவர்.

இலக்கியத்தை மதிப்பிடுவோர் ஒன்றை மனத்திற் கொள்ளல் வேண்டும். இயற்கையைப் பற்றிய எழுத்து எதனையும், காடு அழகாகச் சொல்லப்பட்டதா என்று மட்டும் கேட்டு அளக்க வேண்டாம். அக்காட்டில் முன்னே நடந்தவர் யார், இன்று நடக்க முடியாதவர் யார், மரம் வீழ்ந்தபோது இலாபம் யாருக்கு, மண் சரிந்தபோது இழப்பு யாருக்கு என்பவற்றையும் கேட்போம். இக்கேள்விகளுக்கு முகங்கொடுக்கும் எழுத்து குயிலையும் தென்றலையும் தாராளமாகப் பாடட்டும். நாமும் உடன்நின்று கேட்போம். 'கண்ணோட்டம்' என்ற சொல்லை இன்று பார்வைக் கோணம் என்ற பொருளிலே வழங்குகிறோம். வள்ளுவர் அப்பெயரில் அமைத்த அதிகாரமோ இரக்கத்தைப் பற்றியது. காட்டைக் காண்பதற்கு இரு பொருளும் ஒருங்கே வேண்டும்.

கொப்பியிலிருந்த சிவப்பு மையை அழிக்க முடியவில்லை. அதன்மேல் ஒரு கோடிட்டு, பக்கத்தில் புதிய புள்ளியை இட்டுக் கையெழுத்திட்டோம். அடுத்த தவணையில் வகுப்பை மீண்டும் அழைத்துச் செல்லவிருக்கிறோம். இம்முறை சீமாட்டி ஹோட்டன் பாதைக்கன்று. பிங்கா ஓயாக் கரைவழியே மேல்நோக்கி, அந்த வீட்டின் பின்புறம்வரை. இரண்டாவது பலா இன்னும் அங்கே நிற்கிறது.